அபயமும் உரிமையும்



பட்டமளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் கல்வியின் மகிமையை எடுத்துரைப்பது வழக்கம். அம்மகிமையை, பட்டதாரிகளே, உங்கள் பெற்றோரின் முகங்களே எனக்கு முன்பாகச் சொல்லிக்கொண்டிருப்பதால், இந்த மண்ணோடு நெருங்கிய சம்பந்தமுள்ள வேறொரு விஷயத்தை இன்று உங்கள் சிந்தனைக்கு வைக்க விரும்புகிறேன். பிறந்த ஊரை விட்டு வேறொரு தேசத்துக்குப் பிழைக்கச் சென்றவனும், உயிருக்கு அஞ்சி வேறொரு தேசத்தில் அபயம் புகுந்தவளும், அங்கே எந்த அளவுக்கு மனிதராக வாழ முடிகிறது என்பதை நிர்ணயிப்பது எது? அவர்களுடைய உழைப்பா, நல்லொழுக்கமா, அல்லது அவர்கள் ஒருபோதும் படித்திராத சட்டங்களா? இதுவே என் விஷயம்.

ஆலங்குளத்துச் சிமெண்டு ஆலை 1970-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்குவதற்கு முன்னும், சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் தழைப்பதற்கு முன்னும், வானம் பார்த்த இந்தக் கரிசல் பூமியில் மழை பொய்த்த ஆண்டுகளில் ஏழைக் குடியானவனுக்கு எஞ்சியிருந்த வழி ஊரை விட்டுப் புறப்படுவது ஒன்றே. பழைய ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்தும் திருநெல்வேலி, மதுரை, திருச்சி ஜில்லாக்களிலிருந்தும் கங்காணிகளின் முன்பணத்தை நம்பிக் கண்டிச் சீமை எனப்பட்ட இலங்கை மலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்களும் அப்படியே. பின்னர், 1920-களின் தொடக்கத்தில், பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். அந்த அயலூர் அவர்களை ஏற்றுக் கற்பித்து அனுப்பியதனால்தான் இந்தப் பிரதேசத்தின் விதி மாறியது. ஆகவே, புலம்பெயர்ந்தோரைப் பற்றிப் பேசுவது நமக்கு அந்நியரைப் பற்றிப் பேசுவது ஆகாது.

1949-ஆம் ஆண்டில் டி. ஹெச். மார்ஷல் என்னும் ஆங்கிலேய அறிஞர் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், பிரஜாவுரிமை என்பதற்கு மூன்று பகுதிகள் உண்டென்று விளக்கினார். பேசவும் உடைமை கொள்ளவும் நீதிமன்றம் ஏறவும் உள்ள சுதந்திரம் ஒன்று. வாக்களித்து ஆட்சியில் பங்கு கொள்வது மற்றொன்று. கல்வி, வைத்தியம், வீடு, முதுமைக் காலத்து ஜீவனம் ஆகியவற்றில் சமுதாயத்தின் சராசரித் தரத்துக்குக் குறையாத வாழ்வைக் கோரும் சமூக உரிமை மூன்றாவது. இம்மூன்றும் நூற்றாண்டுக்கு ஒன்றாகப் படிப்படியே வளர்ந்து நிறைவெய்தி வருவதாக அவர் கண்டார். அவர் பேசிய அதே 1949-ஆம் ஆண்டில், அதே ஆங்கிலேய சாம்ராஜ்யத்திலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த இலங்கையில், நம் முன்னோரின் சந்ததியார் கையிலிருந்து இம்மூன்றும் ஒருங்கே பறிக்கப்பட்டுக்கொண்டிருந்தன.

அந்தச் சரித்திரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். 1931-இல் இலங்கையில் வயது வந்தோர் வாக்குரிமை வந்தபோது தோட்டத் தொழிலாளரில் பலரும் அதனைப் பெற்றனர். 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். அவர்களுள் ஒருவரே நுவரெலியாவில் வென்ற சௌமியமூர்த்தி தொண்டமான், நமது பழைய ராமநாதபுரம் ஜில்லாவின் முனப்புதூரில் பிறந்தவர். மறு ஆண்டே 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ அத்தீவில் பிறந்தார்கள் என்பதற்கு எழுத்து மூலமான அத்தாட்சி கேட்டது அந்தச் சட்டம். பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கம் வேரூன்றாதிருந்த, லயம் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளில், தேயிலைக் கொழுந்து கிள்ளி வாழ்ந்தவர்கள் எந்த அத்தாட்சியைக் காட்டுவார்கள்? 1949-ஆம் ஆண்டின் மற்றொரு சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. சுமார் 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிட்டியது. மலையகத்துத் தொழிலாளர் மீண்டும் தங்கள் பிரதிநிதி ஒருவரைத் தேர்தலில் வெல்ல வைக்க 1977 வரை, முப்பது ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று.

வாக்கு போனால் வாக்கு மட்டுமா போகிறது? இலங்கையில் கல்வி மந்திரி கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945-இல் தொடங்கி நாடெங்கும் பரவி, உலகமே வியக்கும் எழுத்தறிவை அத்தேசத்துக்கு அளித்தது. ஆனால் தோட்டத்துப் பள்ளிக்கூடங்கள் மட்டும் பல பத்தாண்டுகள் அத்திட்டத்துக்கு வெளியே, தோட்ட நிர்வாகத்தின் தயவில் நின்றன. 1973, 1974 ஆண்டுகளில் உலகமெங்கும் உணவு விலை ஏறி அத்தீவில் பங்கீடு குறைக்கப்பட்டபோது, கிராமத்துக் குடியானவனுக்குக் கைப்பிடி நிலமேனும் இருந்தது, அவனுக்காகக் குரலெழுப்பத் தொகுதிப் பிரதிநிதி ஒருவரும் இருந்தார். நிலமும் இன்றி வாக்கும் இன்றி இருந்த தோட்டத்து ஜனங்களிலோ பலர் பட்டினியால் மடிந்தார்கள். அரசியல் உரிமை நூறு அடி தூரத்தில் நிற்கும் கொடிமரம் என்றும், சோறே நமக்கு முக்கியம் என்றும் எண்ணுகிற நண்பர்கள் இந்தச் சரித்திரத்தை ஊன்றிப் படிக்க வேண்டும்.

1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று; எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எந்தக் குடும்பத்தின் வாழ்வு நிர்ணயிக்கப்பட்டதோ அந்தக் குடும்பங்களை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை பெற்றுச் சிதறியவர்கள் நான்கரை லட்சம் பேர் அளவில் இருந்தனர். ‘தாயகம் திரும்பியோர்’ என்று அவர்களுக்குப் பெயரிட்டோம். அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் இந்தத் தாயகத்தைக் கண்ணால் கண்டதும் இல்லை.

ஆயினும், அவர்கள் பிரஜைகளாக வந்தார்கள். அதன் பலனைப் பாருங்கள். அவர்களுக்கென்று நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. அவையே டான்டீ என்று நாம் அறியும் ஸ்தாபனமாயின. கேரளத்துப் புனலூரிலும் கர்நாடகத்துச் சுள்ளியாவிலும் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அவர்களுக்காகவே 1969-இல் ரெப்கோ வங்கி தோன்றியது. தொழிற்கடன் என்ற பெயரில் கையில் கிடைத்த சொற்பத் தொகை இடைத்தரகர்களிடம் கரைந்து போனவர்கள் உண்டு. பழகாத ஊரில், பழகாத வெயிலில், கொத்தடிமைகளாய்ச் சிக்கியவர்களும் உண்டு. புனர்வாழ்வுத் திட்டங்களின் குறைகளை மறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. என்றாலும், அந்தக் குறைகளை எதிர்த்துப் போராடவும், வாக்களிக்கவும், நிலம் வாங்கவும், அரசாங்க உத்தியோகத்துக்கு மனுச் செய்யவும் அவர்களுக்குத் தடை இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் இருக்கிறார்கள் என்றால், அதற்கு அஸ்திவாரம் அந்தப் பிரஜாவுரிமையே.

இனி, அதே லயத்தில் அடுத்த வீட்டில் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். 1983-ஆம் ஆண்டு ஜூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராக மூண்ட கலவரத்துக்குப் பின், 1984-இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. கப்பல் ஓடிய காலத்தில் இந்தியக் கடவுச்சீட்டோடு வந்தவன் தாயகம் திரும்பியவன் ஆனான். கப்பல் நின்ற பிறகு, அதே ஒப்பந்தத்தின் கீழ் உரிமை கோரத்தக்க அவனுடைய அண்டை வீட்டான், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் வந்தபோது அகதியானான். சட்டத்தின் பாஷையில் சொல்வதானால், சட்ட விரோதமாகக் குடியேறியவன் ஆனான். இருவருக்கும் ஒரே மொழி, ஒரே குலதெய்வம், ஒரே பூர்வீகக் கிராமம். ஒருவனுடைய மகள் இன்று வாக்களிக்கிறாள். மற்றவனுடைய மகள் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறினாலும் அரசாங்க உத்தியோகத் தேர்வு எழுத முடிவதில்லை. இவ்விருவரின் குணத்திலோ உழைப்பிலோ இந்த பேதம் விளையவில்லை. வந்து சேர்ந்த ஆண்டும் வந்து சேர்ந்த வழியும், அவற்றுக்குச் சட்டம் தந்த அர்த்தமுமே இதனை விளைவித்தன.

அந்த அகதிகள் வெகு தொலைவில் இல்லை. நம் விருதுநகர் மாவட்டத்திலேயே குல்லூர்சந்தையிலும் சேவலூரிலும் சிவகாசியை அடுத்த அனுப்பங்குளத்திலும் அவர்களுடைய முகாம்கள் இருக்கின்றன. வர்ணம் பூசியும் கல் கட்டியும் ஜீவனம் செய்து தம் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்கள் அவை. 2021-ஆம் ஆண்டின் கணக்குப்படி தமிழ்நாட்டு முகாம்களில் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரும், வெளியே காவல் நிலையப் பதிவோடு 34 ஆயிரம் பேரும் இருந்தனர். முகாமில் பிறந்து, முகாமில் மணம் முடித்து, முகாமில் பேரன் கண்டவர்கள் அவர்களில் உண்டு. தற்காலிகம் என்று சொல்லித் தொடங்கிய வாழ்க்கை நாற்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது.

இவர்களுக்குத் தமிழ்நாடு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது அபாண்டமாகும். கிலோ 57 காசுக்கு அரிசி கொடுத்தது. பள்ளிக்கூடத்துக் கதவைத் திறந்தது. மாதந்தோறும் பணக்கொடை வழங்கியது. 2021 ஆகஸ்டில் சட்டப் பேரவையில் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டு, 7,469 வீடுகள் புதிதாகக் கட்ட முடிவாயிற்று. குடும்பத் தலைவருக்கு ஆயிரமாக இருந்த பணக்கொடை ஆயிரத்து ஐந்நூறாக உயர்ந்தது. அகதிகள் முகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. பத்தடிக்குப் பத்தடிக் கூடத்தில் முடங்கிக் கிடந்த குடும்பங்களுக்காகத் திண்டுக்கல் மாவட்டத்துத் தோட்டனூத்தில் 321 வீடுகள் 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டதை நாம் மகிழ்ச்சியோடு நினைவு கூர்கிறோம்.

எனினும் ஓர் உண்மையை நாம் தெளிந்துகொள்ள வேண்டும். இம்மக்களின் வாழ்வு இரண்டு சாவிகள் கொண்ட பெட்டியைப் போன்றது. ஒரு சாவி சென்னையில் இருக்கிறது. அரிசியும் வீடும் பள்ளிக்கூடமும் வைத்தியமும் அதற்குத் திறக்கும். மற்றொரு சாவி டெல்லியில் இருக்கிறது. பிரஜாவுரிமையும் குடியேற்றமும் அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலைச் சேர்ந்தவை. முதல் சாவி எவ்வளவு தாராளமாகத் திரும்பினாலும், இரண்டாவது திரும்பாதவரை உள்ளே இருப்பது ஓர் அரசாணையால் வந்து, இன்னோர் அரசாணையால் போகக்கூடியதாகவே இருக்கும். 1991-ஆம் ஆண்டில் ராஜீவ் காந்தி படுகொலையான துயரச் சம்பவத்துக்குப் பிறகு தொழிற்கல்லூரிகளில் முகாம் மாணவருக்கு இருந்த இடங்கள் சில ஆண்டுகள் நிறுத்தப்பட்டதை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. எந்தக் குற்றமும் அறியாத மாணவன், தான் படிக்கலாமா கூடாதா என்பதைப் பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை, உரிமையற்ற சலுகையின் நிலை.

சட்டத்தின் தேதிகள் ஒரு குடும்பத்துக்குள்ளேயே எப்படிக் கோடு கிழிக்கின்றன என்பதையும் கேளுங்கள். இந்திய மண்ணில் 1987 ஜூலை 1-ஆம் நாளுக்கு முன் பிறந்த குழந்தை, பெற்றோர் யாராயினும் இந்தியப் பிரஜை. அந்நாள் முதல் பிறந்த குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவரேனும் பிரஜையாக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு இன்னும் கடுமையான நிபந்தனை வந்தது. ஆகவே, ஒரே முகாமில் ஒரே தாய் வயிற்றில் பிறந்த அக்காள் பிரஜையாகவும் தம்பி அந்நியனாகவும் இருக்க நேர்கிறது. அந்த அக்காளுக்கும் அவ்வுரிமை எளிதில் கிடைத்துவிடவில்லை. 2022-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அப்படிப் பிறந்த ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி உத்தரவிட வேண்டியிருந்தது. 2019-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளிலிருந்து வந்த குறிப்பிட்ட சில மதத்தினருக்கு வழி திறந்தபோது, இலங்கை அதில் இடம் பெறவில்லை. 2025-இல், 2015 ஜனவரி 9-ஆம் நாள் வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் புதிய குடியேற்றச் சட்டத்தின் தண்டனைகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. தண்டனையிலிருந்து விலக்குப் பெறுவது ஆறுதலே. பிரஜையாவது அதற்கும் அப்பால் இருக்கிறது.

நம் அரசியல் சட்டத்தை இயற்றிய பெரியோர் இதில் நமக்கு வழிகாட்டாமல் போகவில்லை. கருத்துச் சுதந்திரமும் அரசுப் பணியில் சம வாய்ப்பும் பிரஜைகளுக்கு என்று வகுத்த அவர்கள், 14-ஆம் விதியின் சமத்துவத்தையும் 21-ஆம் விதியின் உயிர்ப் பாதுகாப்பையும் இந்த மண்ணில் நிற்கும் மனிதர் அனைவருக்கும் வழங்கினார்கள். 1996-இல் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா அகதிகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனையே உறுதி செய்தது. ஆகவே, அகதிக்கு நாம் காட்டுவது வெறும் கருணை என்று கொள்வதற்கு இடமில்லை. அதன் ஒரு பகுதியேனும் நமது சட்டம் நம்மேல் சுமத்திய கடமை.

பிற தேசங்களின் அனுபவமும் இதையே போதிக்கிறது. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டின் பொதுநலச் சீர்திருத்தச் சட்டம், முறைப்படி அனுமதி பெற்றுக் குடியேறி வரி செலுத்தி வந்தவர்களுக்கே உணவு உதவியையும் முதியோர் உதவியையும் மறுத்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தர நேர்ந்தது. ஜெர்மனி 1961-இல் துருக்கியரை விருந்தினர் தொழிலாளர் என்று அழைத்து, வேலைக்குரிய காப்புறுதியும் ஓய்வூதியமும் கொடுத்தது. ஆனால் அங்கே பிறந்த அவர்களின் பிள்ளைகள் பிறப்பால் பிரஜையாகும் வழி 2000-ஆம் ஆண்டில்தான் திறந்தது. ஸ்வீடனோ, வசிப்பவர் என்ற ஒரே தகுதியில் நலத்திட்டங்களை விரித்து, 1976 முதல் உள்ளூர்த் தேர்தல்களில் அந்நியருக்கும் வாக்குரிமை அளித்தது. ஏழைகளைச் சல்லடை போட்டுப் பொறுக்கும் நாட்டில் வந்தேறியே முதலில் விழுகிறான். எல்லோருக்கும் என்று திட்டம் தீட்டும் நாட்டில் அவனும் எளிதில் அதற்குள் அடங்குகிறான். பள்ளிக்கு வந்த ஏழைப் பிள்ளையின் பசியை முதலில் பார்த்த விருதுநகர்க் காமராஜரின் மதிய உணவுத் திட்டத்தையும், நம் நியாய விலைக் கடைகளையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் அவற்றின் பெருமை இன்னும் விளங்கும்.

நம் வாசலுக்கே வருவோம். ராஜபாளையத்து நூற்பாலைகளிலும் சிவகாசித் தொழிற்சாலைகளிலும் இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் உழைக்கிறார்கள். அவர்கள் இந்தியப் பிரஜைகள்; எந்தக் கடவுச்சீட்டும் அவர்களுக்கு வேண்டாம். ஆயினும் 1979-ஆம் ஆண்டின் மாநிலம் விட்டு மாநிலம் பெயரும் தொழிலாளர் சட்டம் ஏட்டில் இருந்தபோதே, 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கில் அவர்கள் பல்லாயிரவர் நடந்தே ஊர் திரும்பியதை நாம் பார்த்தோம். அந்த ஆண்டு அக்டோபரில்தான் ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டத்தில் தமிழ்நாடு இணைந்தது. இன்றும் ஒப்பந்தக்காரரின் ஏட்டில் பெயர் ஏறாதவனுக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இல்லை, வருங்கால வைப்பு நிதி இல்லை; அவனுடைய குழந்தைக்குத் தன் மொழி அறிந்த ஆசிரியரும் அரிது. பிரஜாவுரிமை இருந்தும் பதிவு இல்லாததால் சமூக உரிமை எட்டாமல் போவதை இவர்களிடத்தில் காண்கிறோம்.

வந்தவருக்கெல்லாம் கொடுத்தால் நம் ஏழைக்கு என்ன மிஞ்சும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் இழிவாக எண்ணவில்லை. வறுமையை அறிந்தவர்களே அதைக் கேட்கிறார்கள். உரிமையற்ற தொழிலாளி ஒருவன் பக்கத்தில் இருக்கும்போது உரிமையுள்ள தொழிலாளியின் கூலி உயர்வதில்லை என்பதே அவர்களுக்கு என் விடை. பதிவில்லாதவனை அரைக்கூலிக்கு அமர்த்த முடிகிற ஆலையில், நம் ஊர்ப் பெண்ணும் முழுக்கூலி கேட்கத் தயங்குவாள். வந்தவனுடைய உரிமையைக் காப்பது நம்முடைய உரிமைக்கும் அரண்.

பட்டதாரிகளே, இந்த விஷயத்தை மாணவர்களாகிய உங்களிடம் சொல்லக் காரணம் உண்டு. சட்டம் தலைநகரில் பிறந்தாலும், அது உயிர் பெறுவது அலுவலக மேஜையில். உங்களில் சிலர் நாளை தாலுகா அலுவலகத்தில் அமர்வீர்கள். அத்தாட்சி இல்லை என்று மனுவைத் திருப்பி அனுப்புவதற்கு முன், அத்தாட்சி பெறும் வழியை அந்த மனுதாரருக்குச் சொல்லுங்கள். சிலர் தலைமை ஆசிரியர்களாவீர்கள். முகாமிலிருந்தும் ஆலைக் குடியிருப்பிலிருந்தும் வரும் குழந்தையை முதல் நாளிலேயே வகுப்பில் உட்கார வையுங்கள், தாள்கள் பிறகு வரட்டும். சிலர் ஆலைகளின் கணக்கை எழுதுவீர்கள். ஒவ்வொரு தொழிலாளியின் பெயரையும் ஏட்டில் ஏற்றுங்கள். சிலர் வக்கீல்களாவீர்கள், நாற்பது ஆண்டுகளாகத் தீராத வழக்கொன்று உங்களுக்காகக் காத்திருக்கிறது. நீங்கள் எல்லோரும் வாக்காளர்கள். வாக்கில்லாதவர்களைப் பற்றி வேட்பாளரிடம் கேட்க வாக்குள்ளவர்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

இந்தப் பந்தலில் முகாமிலிருந்து வந்து பட்டம் பெறும் மாணவர் எவரேனும் இருந்தால், அவர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. உங்கள் பட்டத்தை நீங்கள் பிறரைவிட இருமடங்கு உழைத்துப் பெற்றீர்கள் என்பதை இந்தச் சபை அறியும். உங்களுக்கு இன்னும் தரப்படாத உரிமையை நீங்கள் யாசகமாகக் கேட்க வேண்டியதில்லை. நிமிர்ந்து நின்று கேளுங்கள், உங்களோடு சேர்ந்து கேட்பதற்கு இங்கே உங்கள் சகபாடிகள் இருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

அபயம் கொடுப்பது பெரிய தர்மம். அபயம் புகுந்தவரை ஒரு தலைமுறைக்குள் சமமானவராக ஆக்கிக்கொள்வது அதனினும் பெரிய தர்மம். அதைச் செய்து முடிக்காத சமுதாயம், தான் தொடங்கிய அறத்தைப் பாதியில் விட்ட சமுதாயமாகும். அந்தப் பாதி வேலை உங்கள் தலைமுறைக்கு வந்திருக்கிறது. உங்கள் கல்வியால் உங்கள் குடும்பங்கள் உயரட்டும். உங்கள் நியாய உணர்வால் உங்கள் ஊரை நம்பி வந்தவர்களும் உயரட்டும். நீங்கள் எல்லா நலனும் பெற்று நீடு வாழ்க.